இஸ்திரி வண்டியைத் தாண்டும்போது வயிறு கலங்குவது ஏன்?

06-04-2024, காலை 8:20 (கேள்வி, வாசகர் ஒருவர்)

போன வாரம் தெருமுனை இஸ்திரி வண்டியைத் தாண்டிப் போனேன். கரி வாசம், கூடவே கஞ்சி போட்ட வேட்டி சூடாகிற வாசம். ரெண்டு நொடி வயிற்றைக் கலக்கிவிட்டது. பயம்தான், சந்தேகமே இல்லை. எதற்குப் பயம் என்றுதான் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போது பிடிபட்டது. எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார். சட்டை எப்போதும் மொடமொடவென்று இருக்கும். நோட்டைப் பார்க்கப் பக்கத்தில் வந்து நின்றால் இந்த வாசம் வரும், அடுத்தது காது திருகல். பயம் அன்றைக்கே வந்துவிட்டது, காரணம் மூன்று நாள் கழித்து வருகிறது. மூளை இப்படித் தலைகீழாகவா வேலை செய்யும்? அந்த வகுப்பு குரூப் போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது. அதைப் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை.

06-04-2024, இரவு 10:15 (பதில்)

மூக்கைப் பொறுத்தவரை இது தலைகீழ் இல்லை, அதன் வழியே அதுதான். கண்ணில் பட்டது, காதில் விழுந்தது, தோலில் உரசியது எல்லாம் முதலில் தலாமஸ் என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்துதான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் பிரிந்து போகும். வாசனை மட்டும் அந்த வரிசையில் நிற்பதில்லை. மூக்கின் உச்சியில் தபால்தலை அளவுக்கு ஒரு சவ்வு. அதில் இருக்கிற நரம்புகள் நேராக மேலே உள்ள நுகர்ச்சிக் குமிழுக்குப் போகின்றன. அங்கிருந்து ஒரே எட்டில் அமிக்டலா. பயம், வெறுப்பு, ஆசை எல்லாம் கிளம்புகிற இடம் அது. நினைவுகளைக் கோக்கும் ஹிப்போகாம்பஸ் பக்கத்து வீடு.

மற்ற புலன்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "யார் வேணும்?" என்று கேட்டபிறகு உள்ளே வருகிறவை. வாசனை, கொல்லைப்புறமாக நேரே அடுப்படிக்கே வந்து நிற்கிற சொந்தக்காரர். யார் என்று தெரிவதற்கு முன்பே வயிறு கலங்கிவிடும்.

மூக்கில் வாசனையைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் சுமார் 400 வகை. ஒவ்வொரு வாசனையும் அவற்றில் ஒரு கூட்டத்தைத் தட்டும். வீணையில் ஒரு நரம்பைத் தட்டுவது மாதிரி இல்லை, ஹார்மோனியத்தில் நாலைந்து கட்டையைச் சேர்த்து அழுத்துவது மாதிரி. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்ஸலும் 1991-இல் கண்டுபிடித்தார்கள், 2004-இல் நோபல் வாங்கினார்கள். ஒளி, ஒலி பற்றி நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்தவர்களுக்கு மூக்கின் அரிச்சுவடி கிடைத்தது 1991-இல்தான்!

அதனால் வாசனை காட்டும் நினைவு போட்டோவைவிடத் துல்லியமானது. எங்கள் அப்பாவின் அச்சகத்து மை வாசம் இப்போதும் எனக்கு அப்படியே இருக்கிறது.

07-04-2024, காலை 6:50

நேற்றைய கடைசிப் பத்தியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எழுதியது.

வாசனை கிளப்பும் நினைவு துல்லியமாக இருக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. ரேச்சல் ஹெர்ஸ் என்ற உளவியலாளர் ஒரே விஷயத்தை வாசனையாலும் படத்தாலும் ஒலியாலும் நினைவூட்டிப் பார்த்திருக்கிறார். வாசனையால் வந்த நினைவில் உணர்ச்சி அதிகம், அந்த இடத்துக்கே திரும்பிப் போன உணர்வு அதிகம். விவரம் ஒன்றும் கூடுதலாக இல்லை. அழுத்தமாக வருவதால் உண்மை என்று நம்பிவிடுகிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. வயதானவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து "இது எதை நினைவூட்டுகிறது?" என்று கேட்டால் பெரும்பாலும் 10-லிருந்து 30 வயதுக்குள் நடந்ததைச் சொல்வார்கள். அதையே வாசனையாகக் கொடுத்தால் 10 வயதுக்கு முந்தியவைதான் அதிகம் வரும். கேள்வி கேட்டவருக்கு எட்டாம் வகுப்பு, கொஞ்சம் லேட். காது திருகலின் வலிமை என்று வைத்துக்கொள்வோம்.

07-04-2024, இரவு 9:30

அக்காவுக்கு போன் போட்டேன். "அப்பா பிரஸ் வாசம் ஞாபகம் இருக்கா?" என்றேன். "சீமெண்ணெய்" என்றாள், யோசிக்கக்கூட இல்லை. "மை வாசம்தானே?" என்றேன். "மையாவது மண்ணாவது. சீமெண்ணெய்டா. சீமெண்ணெய்யும் வேர்வையும்" என்றாள்.

அருப்புக்கோட்டையில் வீட்டு முன்பகுதிதான் அச்சகம். ஒரு டிரெடில் மிஷின், சுவரோரம் ஈய எழுத்துக் கேஸ்கள், ஜன்னல் பக்கம் அச்சுக் கோக்கிறவர் நிற்க ஒரு இடம். மை என்பது ஆளி விதை எண்ணெயில் குழைத்தது, கெட்டியாக, வெல்லப்பாகு மாதிரி இழுக்கும். டப்பாவைத் திறந்தால் ஒரு கனத்த வாசம். மிஷின் ஓடும்போது ரோலர்கள் மைத்தட்டில் ஏறி இறங்கும், "சப்... சப்" என்று சத்தம். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணப் பத்திரிகை குவியும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவது என் வேலை. எனக்கு அச்சகம் என்றால் மையும் மஞ்சளும்தான். சீமெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது, அச்சடித்து முடிந்ததும் எழுத்துகளை அதில் நனைத்த துணியால்தானே துடைப்பார்கள்.

முப்பது வருஷமாக "மை வாசம், மை வாசம்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

10-04-2024

மனிதனால் 10,000 வாசனைகளைப் பிரித்தறிய முடியும் என்று ஒருவரும், இல்லை ஒரு லட்சம் கோடி என்று இன்னொருவரும் எழுதிக் கேட்டிருந்தார்கள். இரண்டையும் விட்டுவிடுங்கள். முதலாவது காலங்காலமாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய எண். இரண்டாவது 2014-இல் வந்த ஆய்வு, கணக்குப் போட்ட முறையே தப்பு என்று அடுத்த வருஷமே பிய்த்துப் போட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் என்னால் பிரித்தறிய முடிந்தவை: குக்கர் அடிப்பிடித்தது, அடிப்பிடிக்கப் போகிறது. இரண்டாவதுதான் பயன்படும்.

13-04-2024, இரவு 11:05

"வாசனைக்கு எந்த மொழியிலும் சொல் கிடையாது, 'மல்லிகை மாதிரி', 'மீன் மாதிரி' என்றுதான் சொல்ல முடியும்" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். இங்கிலீஷை வைத்துக்கொண்டு உலகத்தை அளக்கிற பழக்கம் இது.

மலேசியக் காடுகளில் வாழும் ஜஹாய் மக்களுக்கு நிறத்துக்கு இருப்பதுபோலவே வாசனைக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அசிஃபா மஜித், நிக்லஸ் பூரென்ஹுல்ட் இருவரும் 2014-இல் எழுதினார்கள். புலியை இழுத்து வரும் ரத்த வாடைக்கே அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. அதே சோதனையில் இங்கிலீஷ் பேசுகிறவர்களிடம் லவங்கப்பட்டையை நீட்டினால், சூயிங்கம் மாதிரி, மிட்டாய் மாதிரி என்று சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். மிளகாய் வறுத்தால் நெடி. முட்டை அடித்துவிட்டுக் கழுவாத டம்ளரில் கவிச்சி. கிடா பக்கத்தில் போனால் மொச்சை. பஸ் ஸ்டாண்டு பின்சுவரில் வீச்சம். பழைய முறுக்கில் சிக்கு. மழைக்காலத்து மிதியடியில் மக்கல். முடி தீயில் பட்டால் பொசுங்கல். பால் பாத்திரத்தின் அடியில் காந்தல். இதில் ஒன்றாவது "இன்ன பொருள் மாதிரி" என்று சொல்கிறதா? கவிச்சி என்பது முட்டைக்கும் மீனுக்கும் பச்சைக் கறிக்கும் பொது. ஜஹாய் சொற்களும் இப்படித்தான், பொருளின் பெயரைச் சொல்லாமல் வாசனையின் தன்மையைச் சொல்பவை.

இன்னொரு விஷயம் இப்போதுதான் தோன்றுகிறது. அம்மா யாருக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தாலும் நிமிஷக் கணக்கே வராது. "பச்சை வாசம் போக வதக்கு", "வாசம் வந்ததும் இறக்கு". கடிகாரம் இல்லாத அடுப்படி, மூக்கில் நேரம் பார்த்தது. பச்சை வாசம் என்றால் என்ன என்று ஒருத்தரும் விளக்கிச் சொன்னதில்லை, ஆனால் போய்விட்டதா இல்லையா என்பதில் எந்த அம்மாவுக்கும் குழப்பம் இருந்ததில்லை.

பெரிய பலி "நாற்றம்". "முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல்" என்கிறது 1274-ஆம் குறள். மொட்டுக்குள் ஒளிந்திருக்கும் மணத்தைச் சொல்கிறது. அன்றைக்கு நாற்றம் நறுமணம். நடுவில் என்ன நடந்ததோ, சொல் கெட்டுப்போய்விட்டது. மாமியாரிடம் "ரசம் நாறுகிறது, அத்தை" என்று சொல்லிவிட்டுக் குறளைக் காட்டித் தப்பிக்க முடியாது. (முயன்று பார்த்தவன் சொல்கிறேன்.)

14-04-2024

நேற்றைய பட்டியலில் ஒரு திருத்தம். "நெடி" அந்த வரிசையில் சேராது. மிளகாய் நெடி, வெங்காயம், கோடாலித் தைலம் இதெல்லாம் பாதிதான் வாசனை. மீதி, முகத்தில் ஓடும் முப்பெருநரம்பின் வேலை. எரிச்சல், குளிர்ச்சி, குத்தல் எல்லாம் அது சொல்வது. மெந்தால் குளிரவில்லை, குளிர்ச்சியை உணரும் ஏற்பியைத் தட்டி ஏமாற்றுகிறது. அதனால்தான் மூக்கு செத்தவனுக்கும் மிளகாய் வறுத்தால் இருமல் வரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எப்படித் தெரியும் என்று அப்புறம் எழுதுகிறேன்.

ஒவ்வொரு சிங்கப்பூர்ப் பெட்டியிலும் அந்தக் கோடாலித் தைலம் பன்னிரண்டு குப்பி இருக்கும். சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று. தலைவலி இல்லாதவர்களும் தடவிக்கொள்வார்கள். தெருவில் யார் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்பதை மூக்கே சொல்லிவிடும்.

21-04-2024, மாலை 4:40

மூக்கு செத்த கதை.

2021 மே. காய்ச்சல் மூன்றாம் நாள் காபியை வாயருகே கொண்டுபோனேன், வெந்நீர். மனைவி டிகாக்‌ஷன் ஊற்ற மறந்துவிட்டாள் என்று நினைத்து டம்ளருக்குள் பார்த்தேன். பழுப்பாகத்தான் இருந்தது. விபூதி, கற்பூரம், சோப்பு ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. வறுத்த மிளகாய்க்கு மட்டும் இருமல் வந்தது, வாசம் வரவில்லை.

எதிர்பார்க்காதது என்னவென்றால், வீடு தூரமாகிவிட்டது. எல்லாம் அப்படியே இருக்கிறது, மனைவி இருக்கிறாள், பையன் இருக்கிறான், ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். பக்கத்தில் படுத்திருக்கும் மனுஷியிடம் ஒரு வாசமும் இல்லை என்றால் அவள் வேறு ஊரில் இருப்பது மாதிரி. இதைச் சொன்னால் "உயிர் பிழைச்சதே பெரிசு" என்பார்கள். அதுவும் சரிதான். வாயை மூடிக்கொண்டேன்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மெல் குழுவினர் 2009-இல் ஒரு பயிற்சியை எழுதியிருந்தார்கள். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில நொடி முகர வேண்டும், 12 வாரம். மூக்கின் நரம்பு செல்கள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைத்துக்கொண்டே இருப்பவை, அவற்றுக்கு வேலை கொடுக்கிற வழி இது. என் செட்டில் பன்னீர், தைலம், எலுமிச்சைத் தோல், கிராம்பு. நாலு டப்பாவை வரிசையாக வைத்து, சந்தியாவந்தனம் மாதிரி. பையன் அதை "அப்பாவோட பூஜை" என்பான்.

மூன்றாம் மாதம் காபி திரும்பியது, ஆனால் காபியாக இல்லை. எரிந்த ரப்பர், அழுகிய வெங்காயம். காபிக்கொட்டை வறுபடும்போது உண்டாகும் கந்தகச் சேர்மங்கள் சில மிக மிகக் குறைந்த அளவிலேயே மூக்கில் படும். ஏற்பிகள் அரைகுறையாக முளைத்த மூக்குக்கு அந்தச் சில கட்டைகள் மட்டும் அழுத்தப்படுகின்றன, பாட்டு அபஸ்வரமாகிவிடுகிறது. நான்கு மாதம் தெருவில் காபிக்கடை வந்தால் எதிர்ப்பக்கம் மாறி நடந்தேன். கோயம்புத்தூரில் இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

முதலில் ஒழுங்காகத் திரும்பி வந்தது எது தெரியுமா? மல்லிகை இல்லை, சாம்பிராணி இல்லை. குளியலறை வாசலில் கிடந்த மிதியடி. மக்கல். நின்றுவிட்டேன். மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் மிதியடியைத் துவைக்க எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பின்னாடியே போனேன்.

12-05-2024

இங்கே இன்று மழை. அக்னி நட்சத்திரத்தில் வந்த மழை, அதனால் மண்வாசனையைப் பற்றி நாலு வரி.

காய்ந்த மண்ணில் முதல் மழை கிளப்பும் வாசத்துக்கு இங்கிலீஷில் பேர் வைத்தது 1964-இல், இரண்டு ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள். பெட்ரிகோர். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே சுட்ட மண்ணைக் காய்ச்சி வடித்து, சந்தன எண்ணெயில் இறக்கி, குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த வாசத்தில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் பாக்டீரியா செய்வது. மனித மூக்கு இதை லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும்.

நாம் "மண்வாசனைக் கதை" என்று நம் ஊருக்கே பட்டா போட்டு வைத்திருக்கிறோம். பாக்டீரியா ஊர் பார்ப்பதில்லை. மெல்போர்னிலும் மன்னார்குடியிலும் அதே ஜியோஸ்மின்தான். ஆனால் எனக்கு அதை முகர்ந்தால் அச்சகத்து வாசலில் நனைந்துவிடக் கூடாதென்று காகித ரீம்களை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடுகிற அப்பாதான் வருகிறார். அவர் மெல்போர்னில் யாருக்கும் வரமாட்டார்.

19-05-2024, இரவு 10:50

இழையைத் தொடங்கியவர் தனிச்செய்தியில் கேட்டார்: "தினமும் அந்த வண்டிப் பக்கம் போய் நின்றால் பயம் போய்விடுமா, இல்லை நினைவும் போய்விடுமா?"

அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. 1998-இல் அச்சகத்தை மூடினோம். மிஷின் இரும்புக்கடைக்குப் போனது, எடைக்கு. நான் ஒரே ஒரு கேஸை மட்டும் எடுத்துக்கொண்டேன். கட்டம் கட்டமாகத் தடுத்த மரத்தட்டு, சில கட்டங்களில் எழுத்துகள் இன்னும் மிச்சம். அலமாரியின் கீழ்த்தட்டில் செருகி வைத்தேன். அப்பா 2009-இல் போனார். அதற்குப் பிறகு அந்தக் கதவைத் திறந்தால் ஒரு மூச்சுக்கு அவர் வருவார். திறந்த உடனே, ஒரே மூச்சு. அடுத்த மூச்சில் மரம்தான்.

வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினேன். "முகர்ந்து பாருங்க, பழைய பிரஸ் வாசம்." அவர்கள் மரியாதைக்கு முகர்வார்கள். நாளாக நாளாக, கதவைத் திறந்தால் எனக்கு நினைவு வந்தது அச்சகம் இல்லை. கோயம்புத்தூர் ஹாலில், விருந்தாளிக்குக் கேஸைக் காட்டிக்கொண்டிருக்கும் நான்தான். சாமி படத்தைத் தொட்டுத் தொட்டு முகம் அழிந்துபோவது மாதிரி. அதனால் என் பதில்: அடிக்கடி போகாதீர்கள், தேய்ந்துவிடும்.

20-05-2024, காலை 7:00

ஆராய்ச்சி இதற்கு ஒத்துவரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வாசனையோடு முதன்முதலில் ஒட்டிக்கொண்டதுதான் கெட்டியாக நிற்கும், பின்னால் ஒட்டுபவை அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளாது என்கிறார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் 2009-இல் மூளை ஸ்கேனிலேயே பார்த்தார்கள், முதல் ஒட்டுதலுக்கு ஹிப்போகாம்பஸில் தனித் தடம் இருக்கிறதென்று. அப்படியானால் என் ஹால், அப்பாவின் அச்சகத்தை அழித்திருக்கக் கூடாது.

வேறு விளக்கம் இருக்கலாம். வாசம் என்பதே பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று காற்றில் போவதுதானே. மரத்தில் ஊறியிருந்தது சீமெண்ணெய், ஈயத்துக்கு ஏது வாசம்? ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அப்பாவில் கொஞ்சம் வெளியே போயிருக்கிறார். தேய்ந்தது நினைவு இல்லை, சரக்கு.

20-05-2024, இரவு 11:30

மழுப்பிக்கொண்டே இருந்தேன். சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூலையில், மூக்கு செத்திருந்த சமயம், அலமாரியில் கரப்பான் வருகிறது என்று பையன் சொன்னான். நான்கு பாச்சை உருண்டைகளைக் கீழ்த்தட்டில் போட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்கு அது வெள்ளைக் கோலிக்குண்டு, வாசம் இருந்தால்தானே யோசிக்க. மூக்கு திரும்பி வந்தபின் ஆசையாகக் கதவைத் திறந்தேன். முகத்தில் அறைந்தது ரசகற்பூரம். உருண்டைகள் கரைந்து மரம் முழுக்க ஏறிவிட்டிருந்தது. எத்தனை நாள் வெயிலில் வைத்தும் போகவில்லை. தேய்மானம், சரக்கு, ஹிப்போகாம்பஸ் என்று மேலே நான் அளந்தது எல்லாம் இதைச் சொல்லாமல் இருக்கத்தான். ஆகவே கேள்வி கேட்டவருக்கு நான் சொன்ன பதிலும் செல்லாது. இஸ்திரி வண்டிக்குத் தாராளமாகப் போங்கள்.

02-06-2024

அக்கா வந்திருந்தாள், இரண்டு நாள். மை-சீமெண்ணெய் வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. சாயங்காலம் அப்பா கழற்றிப் போடும் சட்டைகளை ஊறவைத்துத் துவைத்தவள் அவள். துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொள்வாராம். நான் மிஷின் பக்கம் நின்றவன், அவள் கிணற்றடியில் நின்றவள். "நீ எப்பவாவது ஒரு சட்டை துவைச்சிருக்கியாடா?" என்றாள். இல்லை.

கேஸைக் காட்ட மனசே இல்லை. அவளே அலமாரியைத் திறந்தாள், நான் தடுப்பதற்குள். குனிந்தவள் அப்படியே நின்றாள். திட்டப் போகிறாள் என்று பாச்சை உருண்டைக் கதையை ஆரம்பித்தேன்.

"சும்மா இருடா" என்றாள். கண்ணை மூடியிருந்தாள். "அம்மா பீரோ."

நானும் குனிந்து முகர்ந்தேன். பட்டுப்புடவை நாளும் கிழமையும் மட்டும் வெளியே வரும் அந்த இரும்புப் பீரோவை நான் திறந்ததே இல்லை. எனக்கு ரசகற்பூரம்தான் அடித்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தாள். நான் காபி போடப் போனேன்.